இருபத்துநாலு மில்லி ஆம்பியர்

பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
மறுபடி அழுத்தினேன்.
மறுபடி டிக்.
நாக்கால் 'ச்சு' கொட்டுவது போல ஒரு சத்தம்.
அதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மணி நாலே முக்கால். ஒல் கலோவில்
புல்லெல்லாம் உறைபனி.
பின்சீட்டில் மூன்று கேன் பால் கட்டியாகிவிட்டது.
ஆறரைக்குக் குளிரூட்டும் நிலையத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.
பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் நான்.
பதினோரு நாளும் சும்மா நின்ற வண்டிக்கு
என்ன கேடு?

ஹாரன், சளி பிடித்த வாத்து.
முகப்பு விளக்கு தணலாகச் சிவந்து
பொத்தானைத் தொட்டதும் கண்ணை மூடியது.
கிக்கருக்குப் பல் தேய்ந்து வருஷமாகிறது.
ஆத்திரத்தில் மிதித்தேன்.
கால் காற்றில் இறங்கியது,
முழங்கால் வலி மட்டும் ஒரே மிதியில் ஸ்டார்ட்.

எதிர்வீட்டு வாங்கெசி ரேடியோ ரிப்பேர் செய்பவள்.
நெற்றியில் டார்ச், தோளில் போர்வை, கையில் மீட்டர்,
வாயில் ஒரு வசவு,
எனக்கா குளிருக்கா தெரியவில்லை.
சீட்டைக் கழற்றினோம்.
பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது.
டீக்கு வைத்த வெந்நீரை ஊற்றி
சோடா உப்பைத் தூவி
பிரஷ் கேட்டாள். பழையது இல்லை,
நான் பல் தேய்ப்பதைக் கொடுத்தேன்.
நுரைத்தது. வடிந்தது. ஈயம் பளபளத்தது.
டிக்.

மீட்டரில் பதினொன்று புள்ளி ஆறு.
"இப்ப அழுத்து."
எட்டுக்கு விழுந்தது,
படியேறும் கிழவன் மாதிரி நின்று நின்று மேலே வந்தது.
"செத்துப்போச்சா?"
புது பேட்டரி விலையை மனசுக்குள்
பால் லிட்டரால் வகுத்துக்கொண்டே கேட்டேன்.
"சாகல. எவனோ குடிக்கிறான்."

சாவியை எடுத்துவிட்டு
நெகட்டிவ் ஒயரைக் கழற்றி
நடுவில் மீட்டரை நுழைத்தாள்.
இருபத்துநாலு மில்லி ஆம்பியர்.
வண்டி தூங்குகிறது, உள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள்.
ஃப்யூஸைப் பிடுங்கினாள். அதே இருபத்துநாலு.
ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள்.
டாங்கிக்கு அடியில்
கறுப்பு டேப் சுற்றிய ஒரு டப்பா, தீப்பெட்டி அளவு.
பச்சைப் பொட்டு ஒன்று எங்களைப் பார்த்துச் சிமிட்டியது.

கடன் கொடுத்த கம்பெனி வைத்தது.
தவணை தவறினால் வந்து தூக்கிப்போக.
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்
நைரோபியில் ஏதோ ஒரு மேசைக்கு
இங்கேதான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று
நான் போர்வைக்குள் நடுங்கிய ராத்திரியெல்லாம்
என் பேட்டரியைக் குடித்துக் குடித்துச் சொல்லியிருக்கிறது.
வாங்கெசி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்:
ஏழில் ஆறு பங்கு காலி.

கட்டரின் வாய் ஒயர்மேல் திறந்து நின்றது.
"வெட்டட்டா?"

இன்னும் ஐந்து தவணை. வெட்டினால்
மத்தியானத்துக்குள் ஆள் வந்து நிற்பான்.
அது மட்டுமில்லை.
காய்ச்சலின் ஒன்பதாம் நாள் ஒரு போன் வந்தது.
பெண் குரல்.
உங்கள் வண்டி நகரவே இல்லையே, எல்லாம் சரிதானே?
தவணைக்காகத்தான் கேட்டாள், தெரியும்.
பதினோரு நாளில் கேட்டது அவள் ஒருத்திதான்.
இதை எதிர்வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்ல?
"இருக்கட்டும்" என்றேன்.

சரிவு வரைக்கும் தள்ளினோம்.
இரண்டாவது கியர், கிளட்ச் பிடித்து ஏறி உட்கார்ந்தேன்.
செருப்பு வழுக்க வழுக்க அவள் ஓடி வந்தாள்.
"விடு!"
விட்டேன். பின்சக்கரம் கிறீச்சிட்டது,
மூன்று கேனும் முதுகில் இடித்தன,
ஒரு இருமல், இன்னொரு இருமல்,
புகை,
அப்புறம் எஞ்சின்.
திரும்பிப் பார்த்து நன்றி சொல்லப் பயம், அணைந்துவிட்டால்?

நிலையத்து வரிசையிலும் அணைக்கவில்லை.
பாலை அளக்கும் கிமோதோ கத்தினார்:
"பெட்ரோல் என்ன உங்கப்பன் வீட்டுதா?"
ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.
டாங்கிக்கு அடியில் அதுவும் குடித்துக்கொண்டிருக்கும்.
குடிக்கட்டும்.
நகர்ந்துவிட்டான் என்று போய்ச் சொல்லட்டும்.