இடது கால் தாமதம்

மேலே நடக்கிறார்.
சமையலறைச் சன்னலிலிருந்து படுக்கையறைக் கதவுவரை
பதினோரு அடி. திரும்ப ஒரு சறுக்கல்.
மறுபடி பதினோரு அடி.
நவம்பரிலிருந்து இதே கதை.
கிள்தானியின் இந்தக் கட்டடத்தில்
என் கூரை அவர் தரை;
சுவர்கள் வெறும் மரியாதைக்கு நிற்கின்றன.

முதல் வாரம் துடைப்பக்கட்டையால் இடித்தேன்.
இரண்டாம் வாரம் நேரிலேயே போனேன்.
லிஃப்ட்டுக்குப் போடப் பத்து தெத்ரி நாணயம்
கையில் இருந்தும்
கோபம் படியில் ஏறச் சொன்னது.
ஒரே மாடி, பதினெட்டுப் படி.
பன்னிரண்டாவதில் மூச்சு என்னைக் கைவிட்டது.
கதவு திறந்தபோது
திட்டுவதற்கு வைத்திருந்த சொல் ஒன்றும் மிச்சமில்லை.

நோதார், முப்பது வருஷம் டிராலிபஸ் ஓட்டியவர்.
ஊரையெல்லாம் உட்கார்ந்தே கடந்தவர்.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு வரைபடம்,
அதில் சிவப்புப் பென்சில் கோடு.
'பாதுமிக்குப் போகிறேன்' என்றார்,
பால் வாங்கப் போகிறேன் என்பதுபோல.
'வெளியே பனிக்கட்டி. ஒருமுறை விழுந்தாயிற்று,
இடுப்பில் இரும்பு இருக்கிறது.
அதனால் வீட்டு வழியாகப் போகிறேன்.
ஒரு நாளைக்கு முந்நூறு நடை.
இரண்டு கிலோமீட்டர், கூடக்குறைய.
மே மாதம் கடல்.'
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூச்சு இன்னும் வரவில்லை.

நான் பாலே பள்ளியில் பியானோ வாசித்தவள்.
நாற்பது வருஷம் பிள்ளைகள் காலைத் தூக்கினார்கள்,
நான் விரலைத் தூக்கினேன்.
என் முழங்கால்களை அப்போது யாரும் கேட்டதில்லை.
இப்போது எழும்போதெல்லாம்
பக்கத்து வீட்டுப் பூனை திரும்பிப் பார்க்கிறது.

அவர் ம்த்ஸ்கேதாவைத் தாண்டிய மாலை
கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன்.
நாற்காலி விடவில்லை.
அவர் கோரியில் ஆப்பிள் தோட்டங்களின் ஓரம் போனபோது
(தோட்டமாவது, துணி காயும் கொடிதான்)
இரண்டு முறை எழுந்தேன்.
அவருடைய பதினோரு அடிக்குள் எழ வேண்டும்,
அடுத்த பதினோரு அடியில் உட்கார வேண்டும்.
விழுவது போலல்ல, உட்காருவது போல.
அதுதான் கடினம்.
கிறிஸ்துமஸ் ஏழாம் தேதி வந்தது, ஏழு முறை.
யாரிடமும் சொல்லவில்லை.

காஷுரி நெருங்கும்போது கேட்டது.
வலது, இடது.
வலது, இடது.
வலது...
இடது.
அரை மாத்திரை தாமதம்.
இந்தக் காதை எந்தக் காலும் ஏமாற்றியதில்லை.
இரவு தூங்கவில்லை. பக்கவாதம் இப்படித்தான்
செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வரும் என்று
எங்கோ படித்திருந்தேன்.

விடிந்ததும் ஏறினேன், பதினெட்டும், நிற்காமல்.
அதைப் பிறகுதான் கவனித்தேன்.
'இடது கால் பிந்துகிறது, நோதார்.'
'இல்லையே.'
'பிந்துகிறது. இரண்டு கையையும் தூக்குங்கள். சிரியுங்கள்.'
கை இரண்டும் நேராக உயர்ந்தன.
சிரிப்பும் கோணவில்லை, அழகாகக்கூட இருந்தது.
கடைசியில் செருப்பைக் கழற்றச் சொன்னேன்.
இடது செருப்பின் அடி வாயைப் பிளந்திருந்தது.
கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பிய பழக்கம்:
எப்போதும் இடப்பக்கம்,
எப்போதும் அதே குதிகாலில்.
இனி ஒரு நடை வலப்பக்கம் திரும்புங்கள் என்றேன்.
'அங்கே வழி இல்லையே' என்று யோசித்தார்,
பிறகு வெட்கப்பட்டார்.

ருஸ்தாவியிலிருந்து மகள் கம்பளிச் செருப்பு கொண்டுவந்தாள்,
அடியில் ரப்பர் வைத்தது, வழுக்காதது,
டாக்டரே மெச்சக்கூடியது.

மறுநாள் பத்து மணி.
கூரை பேசவில்லை.
பத்தேகால்.
நாற்காலி விளிம்பில் நான்,
எழுவதற்குத் தாளம் இல்லாமல்.
நடக்கிறார், தெரியும்; விளக்குக் கண்ணாடி மெல்ல நடுங்குகிறது.
ஆனால் ஒரு சத்தமும் இல்லை,
பனி மேல் நடப்பது மாதிரி.

துடைப்பக்கட்டையை எடுத்தேன்.
மூன்று இடி.
மேலே எல்லாம் நின்றது.
'நடந்தால் கேட்கிற மாதிரி நடங்கள்!'
ஒன்பது மாடிக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு தரையில் ஒரு கைத்தடி,
பதினோரு தட்டு, சீராக.
ரிகோத்திக் கணவாய் ஏற்றம்.
எழுந்தேன்.