எழுநூறு என்று போட்டிருக்கிறது

எழுநூறு மில்லி ஆம்பியர் என்று
பெட்டியில் போட்டிருக்கிறது.
பெட்டியை நம்பி
மூன்று விளக்கைக் கருகக் கொடுத்துவிட்டு
நான்காவதோடு நிற்கிறார் கலந்தர் நைனா,
மண்டபம் ஜெட்டி ரோட்டில், என் கடை வாசலில்.
நாளைக்கு டோக்கன்.

மீட்டர் முனையில் உப்பு பூத்திருந்தது.
தீப்பெட்டிப் பக்கத்தில் தேய்த்தேன்.
சிவப்பு ஒயரைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றினேன்.
போன மாதம் மாற்ற மறந்ததில் ஒரு ஃபியூஸ் போனது;
அந்த ஒரு ஃபியூசுக்கு ராமநாதபுரம் வரை பஸ்.

டிரைவருக்கும் விளக்குக்கும் நடுவே மீட்டர்,
ஏலக்கூட வாசலில் கூடை எண்ணுகிறவன் மாதிரி.
எல்லாம் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். 0.98.
பதினாறு. 0.98.
இருபத்துநாலு வரை ஏற்றினேன்.
0.98.
பொய்தான் சொல்கிறது,
ஆனால் எத்தனை முறை கேட்டாலும்
ஒரே பொய்.

"கூடத்தானே குடுக்குது ஜெசிந்தா, நல்லதுதானே?"
பதில் சொல்லாமல்
விளக்கின் முதுகில் அவர் விரலை வைக்கச் சொன்னேன்.
நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார்.

பூதக்கண்ணாடிக்குக் கீழே
குருணை அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர்.
பூஜ்யம் புள்ளி ஒன்று ஓம்.
அதுதான் அளவு சொல்கிற ஆள்,
அவனே தப்பான ஆள்.
பழைய போர்டு ஒன்றிலிருந்து
பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்தைப் பெயர்த்து
ஃபேனை நிறுத்திவிட்டுப் பற்றவைத்தேன்.
காற்று அடித்தால் ஈயம் ஆறிவிடும்.
வேர்வை மூக்கு நுனியில் நின்றது.

0.66.

இன்னும் ஒன்று பாக்கி.
விளக்கைக் கழற்றி
இரண்டு முனைகளையும் மீட்டராலேயே சேர்த்துவிட்டேன்.
நைனா இரண்டடி பின்னால் போனார்.
புகை இல்லை, சத்தம் இல்லை.
வழியே இல்லாமல் திறந்துவிட்ட இடத்திலும்
0.67.

"எஞ்சினை முறுக்கினா ஏறுமா?"
ஏறாது.
"வெளிச்சம் கம்மியா இருக்கே."
கம்மிதான்.
கடலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்,
அங்கே எவ்வளவு இருட்டு இருக்கும் என்று
கணக்குப் போடுகிற மாதிரி.

முந்நூறு கேட்டேன்.
இருநூறு கொடுத்தார்.
போன தடவை நூற்றைம்பது கேட்டபோதும்
அவர் கொடுத்தது இருநூறுதான்.