வெடிப்புக்கு ஒரு லட்சம் கழிவு

பண்டாரவளையில் பேக்கரிக்கு மேல்மாடி
நொத்தாரிசு அலுவலகம்.
மாலுபாண் வாசம் படியேறி வந்து
உறுதிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும்.
பதினெட்டுப் பேர்ச்சஸ்.
விற்பவர் சந்தனமேரி.
வாங்குவது நான்,
காசில் பாதி கொழும்பிலிருக்கும் பிரதாபனுடையது.

அதற்கு முந்திய ஞாயிறு
காணியைக் காட்ட அவரே வந்திருந்தார்.
தரகன் வாய் திறக்குமுன்
நேரே பின்மதிலுக்குக் கூட்டிப்போய்க் குனிந்தார்.
"இதப் பாருங்க தம்பி.
போன ஐப்பசி மழைக்கு முந்தி
இந்த வெடிப்புல ஒரு குத்திதான் நுழையும்.
இப்ப ரெண்டு சேர்ந்து நுழையுது."
கைப்பையிலிருந்து இரண்டு ஐந்து ரூபாக் குத்திகளை எடுத்து
நுழைத்தும் காட்டினார்.
தரகன் வானத்தைப் பார்த்தான்.
அங்கே மூடுபனியைத் தவிர
பார்க்க ஒன்றுமில்லை.
"வெடிப்புக்கு ஒரு லட்சம் கழிச்சிக்கிறேன்."
நான் கேட்கவேயில்லை.

லயத்துக் காம்பராவில் பிறந்தவர்.
குவைத்தில் ஒன்பது வருஷம்
அடுத்தவர் பிள்ளைகளின் சட்டைகளை மடித்து மடித்து
வாங்கிய மண்.
அந்தக் குடும்பத்தின் பெயர்
ஓர் உறுதியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

என்னிடமும் ஒரு வெடிப்பு இருந்தது,
எந்தக் குத்தியும் நுழைத்துப் பார்க்க முடியாதது.
மேல் காணியில் முப்பத்திரண்டு அறைகளோடு
ஹோட்டல் ஒன்று வரப்போகிறது.
லொறி ஏற வேறு பாதை கிடையாது,
இந்தப் பதினெட்டைக் கடந்துதான் போகவேண்டும்.
படம் கீறியவன் ஒரு பிளேன்டீக்கு
விரித்துக் காட்டியிருந்தான்.

"நீ ஒண்டும் பொய் சொல்லேல்லையே"
என்றான் பிரதாபன் போனில்.
"அவ கேட்டா சொல்லு. கேட்டாத்தானே."
உண்மைதான்.
உள்ளே இப்படி ஓர் அறை இருக்கிறதென்றே அறியாதவர்
கதவைத் தட்டட்டும் என்று காத்திருப்பது
எவ்வளவு சுகமான நேர்மை!

நொத்தாரிசு அம்மா எல்லைகளை வாசித்தார்.
கிழக்கே ஓடை.
தெற்கே பிரதேச சபைப் படிக்கட்டு.
வடக்கே லொட் ஏழு.
லொட் ஏழு என்றதும் என் காது சுட்டது.
"ரெண்டு பக்கமும் ஏதும் சொல்ல இருக்கா?"
மை ஒற்றியைத் தேடிக்கொண்டே கேட்டார்,
பதிலை எதிர்பார்க்காத கேள்வி.

சந்தனமேரி பேனாவை எடுத்தார்.
எழுதவில்லை.
உதறினார்.
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். திரும்பவும் உதறினார்.
நான் நல்லவன் என்று எவரும் எழுதிவைக்க வேண்டாம்.
முதல் உதறலிலேயே மை இறங்கியிருந்தால்
இந்தக் கதை வேறு.
பேனா எழுதாத அந்தக் கொஞ்ச நேரம்
தாங்க முடியாமல் நீண்டது.
வாய் திறந்துவிட்டேன்.
ஹோட்டல், லொறி, பாதை,
முப்பத்திரண்டு அறைகளையும் ஒவ்வொன்றாய்.

அவர் கோபப்படவில்லை.
நன்றியும் சொல்லவில்லை.
பேனாவை மூடினார்.
"வியாழக்கெழம வாறேன்."
கண்ணாடிக்குக் கீழே
ஒரு றாத்தல் பாண் வாங்கி
மிச்சக்காசை இரண்டு தரம் எண்ணுவது தெரிந்தது.
முதல் தரம் கடைக்காரனுக்கு,
இரண்டாம் தரம் எனக்கு என்று பட்டது.

பிரதாபன் நான்கு நாள் போன் எடுக்கவில்லை.
ஐந்தாம் நாள் எடுத்து
என் படிப்பைப் பற்றி ஏதோ கேட்டான்.

வியாழக்கிழமை வந்தார்.
கொப்பித் தாள் ஒன்றில் பென்சிலால் கணக்கு.
மூன்றரை இருந்த பேர்ச்சஸ் விலை
ஆறு லட்சமாகியிருந்தது.
நான் சொல்லியிராவிட்டால்... என்று தொடங்கிய மனதை
அங்கேயே உட்காரவைத்தேன்.
அதன் கீழே:
கீழ் வீட்டுத் தண்ணிக் குழாய்க்கு மூணு அடி விடணும்.
அதற்கும் கீழே,
எல்லாம் கூட்டியபிறகு,
ஒரு லட்சம் கழிக்கப்பட்டிருந்தது.

"இதென்ன?"

"வெடிப்பு" என்றார்.
"அது அப்புடியேதானே இருக்கு."