மினுக்கம் வர ஆறு வாரம்

சூரமங்கலம் மீன்கடையில்
மத்திக்குப் பேரம் பேசும் ஒரே காக்கிச்சட்டை நான்.
"மேடம் வீட்ல விசேஷமா?" என்பார் கடைக்காரர் அந்தோணி.
"வீட்ல இல்லண்ணே, ஜங்ஷன்ல."
தலை வேண்டும், வால் வேண்டும்,
ஐஸில் கிடந்து கண் வெளுத்தது மட்டும் வேண்டாம்.

நோரா. கறுப்பு லாப்ரடார், ஐந்து வயது.
விசாகப்பட்டினத்து வண்டி வந்து நின்றால்
முந்நூறு பைகளைக் கடந்துபோய்
ஒரு பையின் முன்னால் மட்டும்
குரைக்காமல் உட்காருவாள்.
அந்த உட்காருதலுக்குத்தான் சர்க்கார் சோறு போடுகிறது.

பங்குனியில் எனக்கு டெங்கு.
பதினோரு நாள் பெரியாஸ்பத்திரிக் கட்டில்,
பிறகு ஒரு மாதம் ஓமலூரில் அக்கா வீடு.
அதுவரை அவளைப் பார்த்துக்கொண்டவர் தேவசகாயம்.
நல்ல மனுஷன், குறை சொல்லமாட்டேன்.
அவித்த மரவள்ளி, ரஸ்க், பால் பாக்கெட்.
"தட்டைக்கூட நக்கிட்டா, இருசாயி."

வயிறு நிறைந்தது உண்மைதான்.
திரும்பி வந்த அன்று முதுகைத் தடவிய என் கை
வைக்கோலைத் தொட்டதுபோல் நின்றுவிட்டது.
கறுப்பில் செம்பட்டை ஏறியிருந்தது.
தொடையோரம் தோல் தவிடாய் உதிர்ந்தது.
பிளாட்பார ட்யூப்லைட்
முன்பெல்லாம் அவள் முதுகில் வழுக்கி ஓடும்,
இப்போது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

டாக்டர் ஹபீபா முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்,
பழைய பேரேட்டைப் புரட்டுகிற மாதிரி.
"இது இன்னிக்கு வந்த சங்கதி இல்ல.
ஆறேழு வாரம் முந்தி தின்னதும் தின்னாததும்
இப்பத்தான் வெளிய வந்து நிக்குது.
ஷாம்பு வேணாம், எண்ணெய் பூச வேணாம்.
உள்ள போடுங்க."
பேனாவை மூடியவர், என் தொப்பியைப் பார்த்தார்.
"உங்களுக்கும் கொட்டுதா?"

யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.
தலையணையில் கொத்துக் கொத்தாய் எடுத்து
பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போடுவதை
என் வீட்டுக்காரருக்கே தெரியாது.
"காய்ச்சல் எப்ப?"
"பங்குனி."
"அப்ப கணக்கு சரிதான்."
அவ்வளவுதான். அடுத்த நாயைக் கூப்பிட்டார்.

ஆனி பிறந்து நாலாம் நாள்.
விடியுமுன் ஐந்து மணி, கொட்டடிக்குப் பின்னால் ஸ்டவ்.
மத்தி வெந்து முள் உதிர்கிறது; விரலால் தேடித் தேடி எடுக்கிறேன்,
தப்பியது ஒன்று என் நகக்கண்ணில் ஏறுகிறது.
சோற்றில் பூசணி, ஆட்டீரல் கொஞ்சம்,
கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், அதிகமானால் அதுவும் கெடுதி.
வெங்காயம் பக்கத்திலேயே வரக்கூடாது.
முட்டை அவித்துத்தான்.
வடக்கே சேர்வராயன் மலை இன்னும் இருட்டைக் கழற்றவில்லை;
அதுவும் ஒரு பெரிய கறுப்பு மிருகமாய்ப் படுத்திருக்கிறது,
அதற்கு யார் தீனி வைக்கிறார்களோ.

இன்று போடுவது இன்று தெரியாது.
ஆடியில், கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்கு
எங்களை பந்தோபஸ்துக்கு அனுப்புவார்கள்,
பெட்ரோமாக்ஸும் சீரியல் பல்பும் வேப்பிலையுமாய் இருக்கும் தெருவில்
அப்போது தெரியும், அல்லது தெரியாமலும் போகும்.
தீனிப் பதிவேட்டில் எழுதுகிறேன்:
மத்தி, கால் கிலோ. முட்டை, ஒன்று.

சட்டியில் இரண்டு முட்டை
ஒன்றையொன்று இடித்துக் குதிக்கின்றன.
இரண்டாவது என் காசு.
சுவரில் சாய்ந்து, நின்றபடி உரிக்கிறேன்;
கடைசியாய் எனக்கென்று எதை அவித்தேன் என யோசித்தபடி.

நோரா தன் தட்டைக் காலி செய்துவிட்டு வந்தாள்.
என் கையை மோந்தாள், சட்டையை மோந்தாள்,
ஒரு சுற்று சுற்றி
எனக்கு நேர் எதிரே,
குரைக்காமல்,
உட்கார்ந்தாள்.

பிடிபட்டவள் வேறென்ன செய்வாள்?
மஞ்சளில் பாதியைக் கொடுத்தேன்.
பதிவேட்டில் ஏற்றவில்லை.