சிவப்பு நூல்

துரைப்பாக்கத்தில் கல்யாண மண்டபம் எடுத்தார்கள்,
அலுவலகத்தில் நூற்று நாற்பது பேர் உட்கார இடமில்லையென்று.
மேடையில் நேற்றைய வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகள்:
மாப்பிள்ளை பெயரை யாரோ பெயர்த்துவிட்டிருந்தார்கள்,
யாழினி மட்டும் எங்களோடு இருந்தாள்.

பதினாறு அணி, பதினாறு பலகை.
மூன்று மாத வேலையை மஞ்சள் தாளில் எழுதி ஒட்டுங்கள்,
யாருக்காகக் காத்திருக்க வேண்டுமோ
அவர்கள் பலகைவரை சிவப்பு நூல் கட்டுங்கள் என்றார்
புனேயிலிருந்து வந்த பயிற்சியாளர்.
பதினோரு மணிக்கே கண்டு தீர்ந்து
எதிர்க்கடைக்கு ஆள் போனது.

முன்பு நாங்கள் எட்டுப் பேர்.
காபி மெஷின் பக்கத்தில் நின்றபடி
கோப்பை ஆறுவதற்குள் பேசி முடிப்போம்.
அது உடைஞ்சிருக்கு என்பான் தணிகைவேல்.
நான் பாக்குறேன் என்பாள் ஃபர்ஹானா.
அதற்கொரு பெயர்கூட நாங்கள் வைக்கவில்லை.
நன்றாக நடக்கிறதென்று மேலே தெரிந்ததுதான் வினை.
கிண்ணத்தில் தயிர் உறைந்ததைப் பார்த்து
அண்டாப் பாலில் மோர் ஊற்றினார்கள்;
பால் ஆறியதா என்று ஒருவரும் விரல் வைக்கவில்லை.

இப்போதும் நின்றுதான் பேசுகிறோம்.
பேசியதை எடுத்துக்கொண்டு ஒருவர் போய்
இன்னும் பதினைந்து பேரோடு நிற்கிறார்.
அவர்களில் ஒருவர் வேறெங்கோ போய் நிற்கிறார்.
எங்கள் ஐந்து புள்ளி பக்கத்து அணிக்கு எட்டு.
ஊருக்கு ஊர் படி வேறு,
மூட்டையை மட்டும் ஒரே தராசில் போடுகிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ தூண்கள்,
ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்து.

ஜெசிந்தாவின் பலகையில் முப்பத்தொரு நூல்.
கணக்கு நேர்செய்யும் கோப்பு அவளுக்கு மட்டும்தான் புரியும்.
சாப்பாட்டுக்குக் குனிந்து போனாள், குனிந்து வந்தாள்.
பிறகு ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே
அது முடியும் இடம்வரை நடந்தாள்.

என்னிடம் உங்களுக்கு என்னதான் வேணும்?

ஒரு தேதி. அந்த ஒரு தேதி மட்டும் கோப்பில் வந்தால் போதும்.

இதுக்கா, என்றாள்.
பல்லால் கடித்து நூலை அறுத்தாள்.
அடுத்ததைப் பிடித்தாள்.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு போயிருந்தது.
மதியமே எடுத்த படம், முப்பத்தொன்றும் தெரிய,
இயக்குநருக்குப் போய்விட்டது; அவருக்குப் பிடித்திருந்ததாம்.

கடைசியில் பயிற்சியாளர் மேடையேறினார்.
இந்தத் திட்டத்தில் எத்தனை நம்பிக்கை?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் விரல் காட்டுங்கள்.
தணிகைவேல் ஐந்தும் காட்டினான், பஸ்ஸுக்கு நேரமாயிற்று.
நான் மூன்று.
ஜெசிந்தா கையைத் தூக்கினாள்.
விரலெல்லாம் நூல் சுற்றியிருந்தது.
இரண்டா, நான்கா என்று
யாழினிக்குக் கீழே நின்று
அவர் எட்டி எட்டிப் பார்த்தார்.