இருபத்து நாலு கட்டு

ஹைகிரவுண்டிலிருந்து அனுப்பும்போது
ஒரு சீட்டும் இரண்டு அட்டை மாத்திரையும் தந்தார்கள்.
ஆறாவது வாரம் வரணும்,
சர்க்கரைத் தண்ணி குடித்து ரத்தம் கொடுக்கணும் என்றார்கள்.
பால் எப்போது வரும் என்று
சீட்டில் எங்கும் இல்லை.

நாலு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
முக்கூடலில் இறக்கிவிட்ட வண்டிக்காரர்
கொழுகொழுன்னு இருக்கானே என்றார்.
அது என் ரத்தத்துச் சர்க்கரை என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.
அவன் குதிங்காலில் ஆறு ஊசித்தடம்.
என் விரல்களில் எண்ணவில்லை.
பீடி சுற்றிக் காய்த்த நுனிகள்,
ஒரு சொட்டுக்கு இரண்டு தடவை குத்தணும்.

மூணாம் நாளும் வரவில்லை.
மஞ்சளாய் ஒரு துளி
பாலாடையின் மூக்கில் நின்று
விழலாமா என்று யோசித்தது.
அவன் அழுத அழுகைக்கு
மேலத்தெருவே திரும்பிப் பார்த்தது.
"வராத மாரை வச்சி
எதுக்குப் பிள்ளையப் படுத்துத?"
அத்தை மாவு டப்பாவின் மூடியை நெம்பினாள்.
கெட்டவள் இல்லை. பயந்தவள்.

பார்க்க வந்தவர்கள் அல்வா கொண்டுவந்தார்கள்.
அட்டைப்பெட்டியின் அடியில்
நெய் ஊறிப் பரவிக்கொண்டே இருந்தது.
அதற்கு ஊறுவது அவ்வளவு எளிது.

சாயங்காலம் நர்ஸ் கிளாடிஸ் போன் செய்வாள்.
வந்துட்டா என்று கேட்கமாட்டாள்.
"இன்னைக்கு எத்தன தடவ வச்ச?
வெறும் வயித்தோட வைக்காத, ஒரு வாய் தின்னுட்டு வை.
சுகர் இருந்தவளுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் பிந்தும்.
பிந்தும்னுதான் சொல்லுதேன்,
வராதுன்னு சொல்லல."
திருப்பூரிலிருந்து அவரும் கேட்டார்,
"இப்ப எவ்வளவு இருக்கு?"
சர்க்கரையா, பாலா என்றேன்.
கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நாலாம் நாள் கடையிலிருந்து ஆள் வந்தது.
சரக்குப் போடாட்டா
பாஸ் புக்குல பேரை அடிச்சிருவாங்களாம்.
அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு
சுளகை மடிக்கு இழுத்தேன்.
தூள் நெடிக்கு
அத்தனை சின்ன மூக்கு
மூன்று முறை தும்மியது.

முப்பிடாதி மைனி உள்ளே வந்தாள்.
புத்தி சொல்லவில்லை.
சுளகைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இருட்டும்போது கட்டுகள் வந்தன.
மைனி எட்டு.
பின்வீட்டு மீராம்மாள் ஆறு.
கோமு ஆறு, அதில் ஒன்று
அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கட்டியது.
மீதி நாலும்
கோணலும் மாணலுமாய், நூல் பிரிந்து.
யாரென்று கேட்டேன்.
அடுப்படியில் அத்தை
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
அதில் ஒரு கட்டைக் கடைக்காரர்
கழிவு என்று தள்ளிவிட்டாராம்.
அதற்கு அவள் அவரை ஏசிய ஏச்சை
இங்கே எழுத முடியாது.

அன்று ராத்திரி என் கைகளுக்கு
வேறு வேலை இல்லை.
வைத்தேன். பிடித்தான், விட்டான்.
மறுபடி வைத்தேன்.
தூக்கத்துக்கு நடுவில் எத்தனை தடவை என்று
கிளாடிஸிடம் சொல்ல எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினொன்றில் கணக்கு விட்டுப்போனது.

ஐந்தாம் நாள் விடியலில்
ஜாக்கெட் நனைந்திருந்தது.
செம்புத் தண்ணியைக் கொட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
செம்பு நிமிர்ந்தே நின்றது.
அவன் விழுங்கும் சத்தம்
அடுப்படிவரை கேட்டிருக்கும்.
டப்பா மூடியை
அமுக்கி மூடும் சத்தம் திரும்பி வந்தது.

முழுக்க ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன்.
இடது பக்கம் இன்னும் சோம்பல்.
சில ராத்திரி ஒரு பாலாடை மாவுப்பால் உண்டு.
கிளாடிஸிடம் மறைக்கவில்லை.
"அதுக்கு ஏச நான் போன் பண்ணல" என்றாள்.

நாளை ஆறாவது வாரம்.
வெறும் வயிற்றோடு போகணும்,
இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்கணும்.
இவனுக்கு அங்கே பசித்தால் என்றேன்.
கூட வரக் கிளம்பி நின்ற மைனி
செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"குடு. பாக்கவன் பாக்கட்டும்."