தடம்

கூத்தாநல்லூர் ரோட்டில் மதகை ஒட்டிய பட்டறை.
கொள்முதல் நெல் இறக்கிவிட்டு வந்த லாரி
பின் அச்சு பிரிந்து கிடக்கிறது.

கிரவுன் பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவி
பினியனைச் சுற்றுகிறேன்.
கட்டை முட்டுக் கொடுத்து
கனமாய்ச் சுற்றினால்தான் பொய் சொல்லாது.

பல்லின் உச்சியில் ஏறி நிற்கிறது தடம்.
ஒரு ஷிம் சேர்த்தேன்,
அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.
கழற்று. மெல்லியதாய்ப் போடு. திரும்பப் பூட்டு.
வெங்காயச் சருகு கனம்தான் வித்தியாசம்,
அதற்குத்தான் ஒரு பகல்.

நான்காம் தடவை
பல்லின் நடுவில் விழுந்தது
ஊறிய விதைநெல் மாதிரி.

நீடாமங்கலம் கேட் வரை ஓட்டிப் பார்த்தோம்.
ஊளை இல்லை.
எட்டு மாதமாய் அதற்கு மேல் கத்தியே பழகிய
சவரியப்பன்
பக்கத்து சீட்டில் இருந்த என்னிடம் கத்தினார்:
"கேக்குதா?"